யார் தீர்மானிப்பது? – ஊராட்சி, காங்கிரஸ், சுப்ரீம் கோர்ட் பற்றிக் கன்சர்வேடிவ் கருத்துக்கள்: ஒரு பாடம்



நமது கோயிலை ஒட்டிய காலி மனையில் ஒரு கல்யாண மண்டபமும், அன்னதானச் சமையற்கூடமும், கூடுதல் கார் நிறுத்துமிடமும் கட்டுவதற்கு டவுன் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருப்பதை அனைவரும் அறிவீர்கள். ஜோனிங் போர்டின் விசாரணை அடுத்த மாதம் நடக்க இருக்கிறது. சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் இது பற்றிப் பேச்சு எழுந்தது. இளைஞர் ஒருவர் எழுந்து, "கவலையே படாதீங்க மாமா. இப்போ சுப்ரீம் கோர்ட்டில் கன்சர்வேடிவ் நீதிபதிகள்தான் அதிகம். அவங்க மதச் சுதந்திரத்துக்கு ஆதரவானவங்க. டவுன் மறுத்தாலும் கோர்ட்டில் நாம ஜெயிச்சிடலாம்" என்றார். பின்வரிசையில் இருந்த பெரியவர் உடனே, "அதுதானப்பா எனக்குப் பயமே. கன்சர்வேடிவ் என்றால் ஊரார் சொல்வதுதான் சட்டம் என்பார்கள். இந்த ஊரார் நம் மண்டபத்துக்குச் சம்மதிப்பார்களா?" என்று கேட்டார். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. ஆனால் இருவர் சொன்னதும் ஒருசேர எப்படி உண்மையாகும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விதான் இம்மாதப் பாடம். நமது சங்கம் எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் வாக்குக் கேட்பதில்லை. நம் உறுப்பினர்களில் எல்லாக் கட்சியினரும் உண்டு. ஆயினும் நாம் வாழும் நாட்டில் ஊராட்சியும் காங்கிரஸும் நீதிமன்றமும் எடுக்கும் முடிவுகளைப் பற்றிக் கன்சர்வேடிவ் தரப்பினர் என்ன கருதுகிறார்கள், ஏன் அப்படிக் கருதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் நம் மண்டபத்தைப் பற்றி நாம் பேச முடியாது. இது வழக்கறிஞர் ஆலோசனைக்கு ஈடானது அல்ல. நாம் சேர்ந்து படிக்கும் பாடம் மட்டுமே.

1. ஒரே பெயரில் மூன்று கொள்கைகள்

கன்சர்வேடிவ் என்பதைத் தமிழில் 'பழமைவாதி' என்று எழுதி விடுகிறோம். அந்தச் சொல்லில் ஒரு ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மரபு காப்போர்' என்பது ஓரளவு நேரான சொல். எந்தச் சொல்லை வைத்தாலும், அரசைப் பற்றியும் நீதிமன்றத்தைப் பற்றியும் அவர்கள் பேசும்போது மூன்று தனித்தனிக் கொள்கைகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, நீதிபதி சட்டம் இயற்றக் கூடாது என்பது. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, எழுதப்பட்ட காலத்தில் அதற்கு என்ன பொருளோ, அதைச் சொல்வதே நீதிபதியின் வேலை. சட்டம் சரியில்லை என்றால் மக்கள் தேர்ந்தெடுத்த சபை அதை மாற்றட்டும் என்பார்கள்.

இரண்டாவது, ஆட்சி மக்களுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது. வாஷிங்டனில் இருப்பவருக்கு நம் தெருவின் நெரிசல் தெரியாது. ஆகவே மாநிலத்துக்கும் ஊருக்கும் உரியதை மத்திய அரசு பறிக்கக் கூடாது என்பார்கள்.

மூன்றாவது, தனி மனிதரின் சொத்தும் வழிபாடும் அரசு எளிதில் கைவைக்கக் கூடாதவை என்பது. அது மத்திய அரசாயினும் சரி, ஊர்ச் சபையாயினும் சரி.

பல வழக்குகளில் இம்மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும். ஆனால் ஒரு கோயிலோ, சர்ச்சோ, வீடோ ஊராட்சியின் உத்தரவோடு மோதும்போது மூன்றும் மூன்று பக்கம் இழுக்கின்றன. நம் கூட்டத்தில் இளைஞர் பேசியது மூன்றாவது கொள்கை. பெரியவர் பேசியது இரண்டாவது. இருவரும் ஒரே பெயரைச் சொன்னதால் குழப்பம் வந்தது.

2. ஜோனிங் பிறந்த கதை (1926)

நம் விண்ணப்பத்தை விசாரிக்க ஊருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாண்டை அடுத்துள்ள யூக்ளிட் என்னும் சிற்றூர், இன்ன பகுதியில் வீடு, இன்ன பகுதியில் கடை, இன்ன பகுதியில் ஆலை என்று 1922ல் நிலத்தைப் பகுத்து விதி செய்தது. 68 ஏக்கர் நிலம் வைத்திருந்த ஆம்ப்ளர் ரியால்ட்டி என்ற நிறுவனம், தன் சொத்தின் மதிப்பை ஊர் பறித்துவிட்டது என்று வழக்காடியது. 1926ல் சுப்ரீம் கோர்ட் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, தீர்ப்பை எழுதியவர் ஜார்ஜ் சதர்லாண்ட். 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை எதிர்த்து நின்ற நான்கு கன்சர்வேடிவ் நீதிபதிகளில் அவர் ஒருவர். தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருந்தால் எப்படி உபத்திரவமோ, அப்படிச் சரியான பொருளும் தவறான இடத்தில் இருந்தால் உபத்திரவமே என்ற உவமையை அவர் அதில் பயன்படுத்தினார். அந்த நால்வரில் மற்ற மூவரும் அதே வழக்கில் அவருக்கு எதிராக நின்றார்கள். ஆக, ஜோனிங் என்ற ஏற்பாடு நாட்டில் உறுதிப்பட்ட அன்றே கன்சர்வேடிவ் நீதிபதிகள் ஒருமனதாக இல்லை. ஒருவருக்கு அக்கம்பக்கத்தின் அமைதி பெரிதாகப் பட்டது. மூவருக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

3. இளஞ்சிவப்பு வீடு (2005)

ஊராட்சியின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் கீலோ வழக்கு. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற பழைய துறைமுக நகரம். வேலை வாய்ப்புக் குறைந்து நலிந்திருந்த அவ்வூரில், ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தை அடுத்த ஃபோர்ட் டிரம்புல் பகுதியை மேம்படுத்த நகரம் திட்டமிட்டது. ஹோட்டல், அலுவலகம், புது வீடுகள் கட்ட நிலம் தேவைப்பட்டது. பலர் விற்றார்கள். ஒன்பது பேர் தங்களுக்குச் சொந்தமான பதினைந்து மனைகளை விற்க மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் சூசெட் கீலோ. அவரது சிறிய இளஞ்சிவப்பு வீடு நாடெங்கும் பேசப்பட்டது.

தக்க ஈடு கொடுத்துப் பொதுப் பயனுக்காகத் தனியார் நிலத்தை அரசு எடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம் சொல்கிறது. சாலைக்கும் பள்ளிக்கும் எடுப்பது பொதுப் பயன்தான். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொரு தனியாரிடம், வரி வருமானம் பெருகும் என்று கொடுப்பதும் பொதுப் பயனா? 2005 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் 'ஆம்' என்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் தீர்ப்பை எழுதினார். ஊரின் தேவையை ஊரே அறியும், திட்டத்தை ஆராய்ந்து செய்திருக்கிறார்கள், நீதிமன்றம் அதில் புகுந்து நிபுணர் வேலை பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தைக் கேட்டால் கன்சர்வேடிவ் வாதம் போலவே இருக்கிறதல்லவா? நீதிபதி அடங்கியிருக்க வேண்டும், ஊர் தீர்மானிக்கட்டும். ஆனால் ஓகானர், ரென்குவிஸ்ட், ஸ்காலியா, தாமஸ் ஆகிய நால்வரும் அதை எதிர்த்தார்கள். இப்படிப் பொருள் கொண்டால் செல்வாக்குள்ளவர் கேட்கும்போது எளியவர் வீடு எதற்கும் பாதுகாப்பு இராது என்று ஓகானர் எழுதினார். நிலம் பறிபோவது எப்போதும் ஏழைகளிடமிருந்தும் குரலற்றவர்களிடமிருந்தும்தான் என்று தாமஸ் தனியே எழுதினார்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2009ல் ஃபைசர் அவ்வூரை விட்டுச் செல்வதாக அறிவித்தது. எடுத்த நிலம் பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. கீலோவின் வீடு பிரிக்கப்பட்டு ஊரின் வேறு பகுதியில் மீண்டும் நிறுவப்பட்டது. தீர்ப்பைக் கண்டு கொதித்த மக்கள் தங்கள் மாநிலச் சபைகளை நெருக்கினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய நில எடுப்புக்குக் கட்டுப்பாடு விதித்தன. கோர்ட்டில் தோற்றவர்கள் சட்டசபையில் ஓரளவு வென்றார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த வழக்குக்குச் செல்வோம்.

4. ஸ்காலியா எழுதிய தீர்ப்பு (1990)

ஆரெகன் மாநிலத்தில் போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் நிலையத்தில் பணிபுரிந்த ஆல்ஃபிரட் ஸ்மித், கேலன் பிளாக் என்ற இருவர், அமெரிக்கப் பூர்வகுடிச் சர்ச்சின் வழிபாட்டில் பெயோட்டி என்னும் கள்ளிச் செடியைப் பிரசாதமாக உட்கொண்டார்கள். அது மயக்கம் தரும் பொருள். மாநிலச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. இருவருக்கும் வேலை போயிற்று. வேலையற்றோர் உதவித் தொகையும் மறுக்கப்பட்டது.

அதற்கு முன் 1963ல் ஷெர்பர்ட் வழக்கில், சனிக்கிழமை வேலை செய்ய மறுத்த அட்வென்டிஸ்ட் பெண்மணிக்கு உதவித் தொகை மறுத்தது தவறு என்று கோர்ட் சொல்லியிருந்தது. ஒருவரது சமய ஒழுக்கத்துக்கு அரசு பாரம் ஏற்றினால், அதற்கு மிக வலுவான காரணம் காட்ட வேண்டும் என்பது அந்த நெறி. ஸ்மித் வழக்கிலும் அதையே எதிர்பார்த்தார்கள்.

ஆனால் 1990ல் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா எழுதிய தீர்ப்பு வேறு பாதையில் சென்றது. எந்தச் சமயத்தையும் குறிவைக்காமல் எல்லாருக்கும் பொதுவாக இயற்றப்பட்ட சட்டம் என்றால், சமயத்தைக் காரணம் காட்டி அதிலிருந்து விலக்குக் கேட்க அரசியல் சட்டம் உரிமை தரவில்லை என்றார். ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியையே சட்டமாக்கிக்கொண்டால் சட்டமே இராது. விலக்கு வேண்டுமானால் சட்டசபையிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் சிறிய சமயத்தாருக்குச் சற்றுப் பாதகம் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. அது ஜனநாயகத்தின் தவிர்க்க முடியாத விளைவு என்று எழுதினார். தீர்ப்பின் முடிவை ஓகானர் ஏற்றார். ஆனால் காரணத்தை ஏற்கவில்லை. பிளாக்மன், பிரென்னன், மார்ஷல் ஆகிய மூன்று லிபரல் நீதிபதிகள் முழுமையாக எதிர்த்தார்கள்.

அன்பர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். சிறுபான்மைச் சமயங்களின் விலக்கு உரிமையைச் சுருக்கிய தீர்ப்பை எழுதியவர் கன்சர்வேடிவ் தரப்பினர் குருவாகப் போற்றும் ஸ்காலியா. அதை எதிர்த்து எழுதியவர்கள் லிபரல் நீதிபதிகள். அதே சமயம் மைக்கேல் மெக்கானல் போன்ற கன்சர்வேடிவ் சட்டப் பேராசிரியர்களும் அத்தீர்ப்பைக் கடுமையாகக் குறைகூறினார்கள். முதற் கொள்கையும் மூன்றாம் கொள்கையும் இங்கே நேருக்கு நேர் மோதின.

ஸ்காலியா சொன்ன வழி வெறும் பேச்சாகவும் போகவில்லை. 1991ல் ஆரெகன் சட்டசபையும், 1994ல் காங்கிரஸும் பூர்வகுடியினரின் வழிபாட்டில் பெயோட்டிக்கு இடம் தந்தன.

5. காங்கிரஸ் குறுக்கிட்டது, கோர்ட் மறுத்தது (1993, 1997)

ஸ்மித் தீர்ப்பைக் கண்டு எல்லாச் சமயத்தாரும் கவலையுற்றார்கள். காங்கிரஸில் ரிபப்ளிகன் ஸெனட்டர் ஆரின் ஹாட்ச்சும் டெமாக்ரட் ஸெனட்டர் எட்வர்ட் கென்னடியும் கைகோர்த்தார்கள். சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் ஸெனட்டில் 97க்கு 3 என்று நிறைவேறி, 1993 நவம்பரில் அதிபர் கிளின்டன் கையொப்பம் பெற்றது. பழைய ஷெர்பர்ட் நெறியை அது திரும்பக் கொண்டு வந்தது. மத்திய அரசுக்கு மட்டுமல்ல, மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் அதைப் பொருத்தியது.

இங்கேதான் நம் கதையை ஒத்த கதை வருகிறது. டெக்ஸாஸில் சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே போர்னி என்னும் ஊர். அங்கே 1923ல் கட்டிய புனித பீட்டர் கத்தோலிக்கச் சர்ச். சுமார் 230 பேர் அமரலாம். ஊர் வளர்ந்து, ஞாயிறு பூசைகள் சிலவற்றில் 40 முதல் 60 பேருக்கு இடம் இல்லாமல் போயிற்று. சர்ச்சைப் பெரிதாக்க ஆர்ச் பிஷப் ஃப்ளோரஸ் அனுமதி கொடுத்தார். ஊராட்சியோ, அது சரித்திரச் சின்னப் பகுதி, மாற்றக் கூடாது என்று பெர்மிட் மறுத்தது. ஆர்ச் பிஷப் புதுச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்குப் போட்டார்.

1997 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ஆறுக்கு மூன்று என்று ஊராட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி கென்னடி எழுதினார். மாநிலங்கள் மக்களின் உரிமையை மீறினால் காங்கிரஸ் தடுக்கலாம். ஆனால் அந்த உரிமைக்குப் புதுப்பொருள் தர காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே இச்சட்டம் மாநிலங்களையும் ஊர்களையும் கட்டுப்படுத்தாது என்பது முடிவு. (மத்திய அரசைப் பொறுத்தவரை அது தொடர்ந்து நடப்பில் இருக்கிறது.) ஸ்காலியா தனியே ஒரு குறிப்பு எழுதினார். இவ்வழக்குகளில் முடிவு யார் கையில் இருக்க வேண்டும், மக்கள் பிரதிநிதிகள் கையிலா, நீதிமன்றத்தின் கையிலா என்பதே கேள்வி, மக்கள் கையில்தான் என்பதே விடை என்றார். ரீகன் நியமித்த மற்றொரு நீதிபதியான ஓகானரோ, ஸ்மித் தீர்ப்பே தவறு, அதை மறுபடி ஆராய வேண்டும் என்று எதிர்த்து எழுதினார். இம்முறை இரண்டாம் கொள்கை வென்றது.

ஆனால் சர்ச் என்னவாயிற்று? தீர்ப்புக்குப் பின் சர்ச்சும் ஊராட்சியும் உட்கார்ந்து பேசின. பழைய கட்டடத்தின் பெரும்பகுதியைக் காத்து, பின்புறம் விரிவாக்கிக் கட்டிக்கொள்ள இருதரப்பும் உடன்பட்டன. ஆண்டுக்கணக்கில் வழக்காடி, வாஷிங்டன் வரை சென்று வந்த பிறகு, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடித்த காரியம் அது.

6. நமக்குப் பயன்படும் சட்டம் (2000)

காங்கிரஸ் விடவில்லை. இம்முறை எல்லாவற்றையும் தொடாமல், நிலப் பயன்பாடு, சிறைவாசிகளின் வழிபாடு என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு 2000 செப்டம்பரில் ஒரு சட்டத்தை இயற்றியது. ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து அதை 'ஆர்லூபா' என்கிறார்கள். நம் விண்ணப்பத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள சட்டம் இதுதான்.

இதன் சாரம் நான்கு. ஜோனிங் முடிவு ஒரு சமய அமைப்பின் வழிபாட்டுக்குக் கணிசமான பாரம் ஏற்றினால், மிக வலுவான பொதுநலக் காரணம் இருப்பதையும், அதைவிட இலேசான வழி இல்லை என்பதையும் ஊராட்சி நிரூபிக்க வேண்டும். சமயம் சாராத மன்றங்களுக்கு அனுமதி தந்துவிட்டு, வழிபாட்டு இடத்துக்கு அதைவிடக் குறைவான சலுகை தரக் கூடாது. ஒரு சமயத்துக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமை காட்டக் கூடாது. ஓர் ஊர் தன் எல்லைக்குள் வழிபாட்டு இடமே வேண்டாம் என்று அடியோடு விலக்கக் கூடாது.

இச்சட்டம் ஸ்காலியாவின் தீர்ப்பிலிருந்தே ஒரு பிடிமானம் எடுத்துக்கொண்டது. 'எல்லாருக்கும் பொதுவான சட்டம்' என்றால் விலக்கு இல்லை என்றார் அவர். ஆனால் ஜோனிங் போர்டு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே எடைபோட்டு, 'இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை' என்கிறது. அப்படி ஆளைப் பார்த்து முடிவு செய்யும் இடத்தில் சமயத்துக்கு மட்டும் இல்லை என்று சொல்ல, தக்க காரணம் வேண்டுமல்லவா?

இது ஏட்டுச் சட்டம் அல்ல என்பதற்கு யூபா சிட்டி குருநானக் சீக்கிய சங்கத்தின் வழக்கு சான்று. கலிபோர்னியாவில் அவர்கள் முதலில் குடியிருப்புப் பகுதியில் சுமார் இரண்டு ஏக்கரில் குருத்வாரா கட்ட விண்ணப்பித்தார்கள். சத்தம், நெரிசல் என்று மறுக்கப்பட்டது. சரி என்று விவசாயப் பகுதியில் 28 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வாங்கி, 75 பேர் கூடும் இடத்துக்கு விண்ணப்பித்தார்கள். அதிகாரிகள் கேட்ட எல்லா நிபந்தனைகளுக்கும் உடன்பட்டார்கள். திட்டக் குழு 4க்கு 3 என்று அனுமதித்தது. அக்கம்பக்கத்தார் மேல் முறையீடு செய்ய, கவுண்டிச் சபை 4க்கு 0 என்று அதை ரத்து செய்தது. 2006ல் ஒன்பதாம் வட்ட மேல் முறையீட்டு நீதிமன்றம் சீக்கிய சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டு இடத்திலும் மறுத்த காரணங்களைப் பார்த்தால் எங்கே விண்ணப்பித்தாலும் மறுப்பார்கள் போலிருக்கிறதே என்பது நீதிமன்றத்தின் கவலை. அவர்கள் வென்றது, ஒவ்வொரு படியிலும் பொறுமையாக உடன்பட்டதற்குப் பதிவு இருந்ததால்தான்.

7. காற்று மாறிய விதம் (2020, 2021)

2020ல் கொரோனா காலத்தில் நாமும் கோயிற் கதவை அடைத்தோம். அந்த ஆண்டு மே மாதம் கலிபோர்னியாச் சர்ச் ஒன்று தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், நோய்த் தொற்றுக் காலத்தில் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரிகளுக்கே இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். நவம்பரில் நியூயார்க் வழக்கு வந்தது. சிவப்பு வட்டாரத்தில் வழிபாட்டுக்கு 10 பேர், ஆரஞ்சு வட்டாரத்தில் 25 பேர் என்று ஆளுநர் வரம்பு வைத்திருந்தார். அத்தியாவசியம் எனப்பட்ட கடைகளுக்கு அந்த வரம்பு இல்லை. ஐந்துக்கு நான்கு என்று கோர்ட் அந்த வரம்பை நிறுத்தி வைத்தது. ராபர்ட்ஸ் இம்முறை எதிர்த்தரப்பில் இருந்தார். வரம்பை நிறுத்திய ஐவரும் ராபர்ட்ஸும் கன்சர்வேடிவ் என்று பேர்பெற்றவர்கள். ஆனாலும் பிரிந்தார்கள்.

2021ல் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்கும் வளர்ப்புக் குடும்பங்களில் குழந்தைகளைச் சேர்க்கும் ஒரு கத்தோலிக்கச் சேவை அமைப்புக்கும் நடந்த வழக்கில் அமைப்பு ஒருமனதாக வென்றது. அப்போது அலீட்டோ, தாமஸ், கோர்சச் ஆகிய மூவர் ஸ்மித் தீர்ப்பை நீக்கிவிட வேண்டும் என்றார்கள். பேரட், கவனா ஆகியோர், நீக்கினால் அதன் இடத்தில் எதை வைப்பது என்று தயங்கினார்கள். ஸ்காலியாவிடம் எழுத்தராகப் பணி புரிந்தவர் பேரட் என்பது குறிப்பிடத்தக்கது. குரு எழுதியதை நீக்குவதா வேண்டாமா என்று அவர் வழி வந்தவர்களே இன்னும் விவாதிக்கிறார்கள்.

8. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இத்தனையும் படித்தபின் நம் இளைஞருக்கும் பெரியவருக்கும் என்ன பதில் சொல்வது?

இளைஞரிடம் சொல்ல வேண்டியது இது. "தம்பி, கோர்ட்டில் இருப்பவர் பெயரை நம்பி மண்டபம் கட்ட முடியாது. போர்னியில் சர்ச்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தவர்களிலும் கன்சர்வேடிவ் நீதிபதிகள் இருந்தார்கள். நீதிபதியின் முகாமைக் கேட்காதே. மூன்று கொள்கைகளில் எது இந்த வழக்கில் முன் நிற்கிறது என்று கேள்."

பெரியவரிடம் சொல்ல வேண்டியது இது. "ஐயா, ஊரார் தீர்மானிப்பார்கள் என்றால், நாமும் ஊரார்தானே? வரி கட்டுகிறோம். பிள்ளைகள் இவ்வூர்ப் பள்ளியில் படிக்கிறார்கள். ஊராட்சிக் கூட்டத்துக்கு நாம் போகாமல் இருந்துவிட்டு, ஊர் நமக்கு எதிர் என்று சொல்லலாமா?"

நம் கருத்தையும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம். அருகிலுள்ள ஆட்சியே நல்லாட்சி என்ற கன்சர்வேடிவ் கருத்தில் நமக்குப் பெருமளவு உடன்பாடு உண்டு. அண்டை வீட்டாரின் சம்மதத்தோடு எழுந்த கட்டடம் நிம்மதியாக நிற்கும். கோர்ட் உத்தரவோடு மட்டும் எழுந்த கட்டடத்தில் ஒவ்வொரு திருவிழாவும் புகாரோடுதான் நடக்கும். ஆனால் அந்தக் கருத்தை முற்றும் நம்பிவிட நம்மால் இயலாது. சிறு தொகையினருக்குப் பாதகம் உண்டு என்று ஸ்காலியாவே ஒப்புக்கொண்டார். அந்தச் சிறு தொகை நாம்தான். ஆகவே கடைசிக் கதவாக 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பது நமக்கு அவசியம். கடைசிக் கதவை முதற் கதவாக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் நாம் சொல்வது.

நம் பக்கத்துக் குறையையும் பார்க்க வேண்டும். மண்டபத்தை வெளியாருக்கு வாடகைக்கு விடலாம் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். வருமானம் வரும், மறுக்கவில்லை. ஆனால் வாடகைக் கல்யாணத்தை நம் வழிபாடு என்று போர்டின் முன் வாதிடுவது கடினம். அண்டை வீட்டார் அஞ்சுவதும் அதைத்தான். சென்ற ஆண்டு திருவிழாவில் தெருவெல்லாம் நம் கார்கள் நின்றதை அவர்கள் மறக்கவில்லை. நாமும் மறக்க வேண்டாம்.

விசாரணைக்கு முன் செய்ய வேண்டியவை:

(அ) உறுப்பினர்கள் குடும்பத்தோடு வாருங்கள். பேச விரும்புவோர் செயற்குழுவிடம் முன்கூட்டியே பெயர் கொடுங்கள். ஒரே செய்தியைப் பலர் சொல்ல வேண்டாம்.

(ஆ) மதச் சுதந்திரம் பற்றி நீண்ட பிரசங்கம் வேண்டாம். கார் எத்தனை, மணி எத்தனை வரை, விளக்கு எந்தப் பக்கம், நாதஸ்வரம் உள்ளேயா வெளியேயா என்பதற்குக் கணக்கோடு பதில் சொல்வோம்.

(இ) நாம் சொல்வதும் போர்டு சொல்வதும் பதிவாகும். பின்னால் எந்த நீதிமன்றம் சென்றாலும் அந்தப் பதிவைத்தான் புரட்டுவார்கள். ஆகவே உடன்படும் நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்போம்.

(ஈ) எதிர்த்துப் பேசுவோரைக் குறுக்கிட வேண்டாம். கூட்டத்துக்கு முன் ஒரு ஞாயிறு அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் பிரசாதம் கொடுத்து, வரைபடத்தைக் காட்டுவோம்.

சிந்திக்கச் சில வினாக்கள் (ஞாயிறு வகுப்புக்கும் வீட்டுக்கும்)

1. யூக்ளிட் வழக்கில் சதர்லாண்டும், கீலோ வழக்கில் தாமஸும் எந்தெந்தக் கொள்கையை முன்னே வைத்தார்கள்?

2. நம் மனையை அடுத்து இரவு முழுதும் ஒலிபெருக்கி வைக்கும் வேறொரு மன்றம் வர விண்ணப்பித்தால், ஜோனிங் போர்டு என்ன செய்ய வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம்? அதே அளவுகோலை நமக்கும் வைத்துக்கொள்வோமா?

3. சட்டசபை தருகின்ற உரிமைக்கும் நீதிமன்றம் தருகின்ற உரிமைக்கும் என்ன வேறுபாடு? எது எளிதில் திரும்பப் பெறப்படும்?

4. மண்டபத்தை வெளியாருக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று எழுதிக் கொடுக்க உங்கள் குடும்பம் சம்மதமா? இல்லையென்றால் அந்த வருமானத்துக்கு மாற்று என்ன?

நான்காம் வினாவுக்கான விடையை மட்டும் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் அனுப்பி வைக்கும்படி அன்புடன் வேண்டுகிறோம். மற்ற மூன்றையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். நாளை இவ்வூர்ப் போர்டில் அமர்ந்து பிறர் விண்ணப்பத்தை விசாரிக்கப் போகிறவர்களும் அவர்களில் இருக்கலாம்.